கார் கடன் தவணை தவறி வண்டி பறிமுதலாகும் நிலையில்: முதல் நோட்டீஸ் முதல் ஏலத்துக்குப் பிந்தைய கணக்கு வரை

வண்டிக் கடனில் இரண்டு மூன்று டியூ நின்றுவிட்டால், பெரும்பாலானவர்கள் கைப்பேசியை எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது வண்டியை ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். கடன் கொடுத்த நிறுவனம் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் கொள்ளும்: இவர் கட்டப்போவதில்லை. அதுவரை கிளை அலுவலகத்தில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய கணக்கு, அதன் பிறகு வசூல் முகவர் கைக்கும், அங்கிருந்து வண்டி பிடிப்பவர்கள் கைக்கும் போய்விடுகிறது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், வங்கியிலோ ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கிக் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடன்பட்டவருக்குச் சட்டமும் ரிசர்வ் வங்கியின் விதிகளும் உறுதியான சில உரிமைகளைத் தந்திருக்கின்றன. அந்த உரிமைகளால் கடன் குறைந்துவிடாது. அவற்றால் கிடைப்பது கால அவகாசம். அந்த அவகாசத்தை வண்டியை மீட்கவோ, நியாயமான விலைக்கு விற்கவோ பயன்படுத்திக்கொள்பவருக்கும், பயத்தில் நாளைக் கடத்துபவருக்கும் இடையே கடைசியில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வந்து நிற்கிறது.

முதல் படி: ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

கடன் வாங்கிய நாளில் பத்து இருபது இடங்களில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. இப்போது படித்தாக வேண்டும். பிரதி கையில் இல்லையென்றால் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். இணைப்புகளோடு கூடிய ஒப்பந்தப் பிரதியைக் கடன் பெற்றவருக்குத் தர வேண்டியது அவர்களுடைய கடமை.

முதலில் பார்க்க வேண்டியது, கடன் எந்த வகையைச் சேர்ந்தது என்பது. இன்று தரப்படும் கார் கடன்களில் மிகப் பெரும்பாலானவை ஹைப்பாதிகேஷன் வகை. அதாவது வண்டி உங்களுடையது, ஆனால் கடனுக்கு ஈடாக அதன்மேல் நிறுவனத்துக்கு ஓர் உரிமை இருக்கிறது, ஆர்.சி.யில் அவர்கள் பெயர் பதிவாகியிருப்பது அதனால்தான். அரிதாக வாடகைக் கொள்முதல் ஒப்பந்தமாக இருந்தால், கடைசித் தவணை கட்டும்வரை வண்டி நிறுவனத்தின் சொத்தாகவே கருதப்படும். அத்தகைய வழக்கொன்றில், ஒப்பந்தப்படி வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை நிதி நிறுவனத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பு, ஒப்பந்தம் கோருகிற முன்னறிவிப்பைத் தராமல் எடுத்தது சேவைக் குறைபாடு என்றும் சொன்னது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பறிமுதல் பற்றிய பிரிவு. இதில் நிதானம் தேவை. வங்கிகளுக்கு 2008 ஏப்ரலிலும், நிதி நிறுவனங்களுக்கு 2009 ஏப்ரலிலும் ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கைகளின்படி, அந்தப் பிரிவில் சில விவரங்கள் இருந்தே ஆக வேண்டும்: வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழலில் அந்த நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், எடுக்கும் முறை என்ன, ஏலத்துக்கு முன் கடன்தாரருக்குத் தரப்படும் கடைசி வாய்ப்பு என்ன, பணம் கட்டினால் வண்டியைத் திருப்பித் தரும் முறை என்ன, விற்பனை எப்படி நடக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் இவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்று பென்சிலால் கோடிட்டு வையுங்கள். ஒன்று இல்லாமல் போயிருந்தாலும், எழுதியிருப்பதற்கு மாறாக நிறுவனம் நடந்தாலும், பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் உங்கள் வாதம் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவர் தீர்ப்பார் என்று சொல்லும் நடுவர் மன்றப் பிரிவு எந்த ஊரைக் குறிப்பிடுகிறது என்பதையும் பார்த்து வையுங்கள்.

இரண்டாம் படி: நிலுவை எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள்

நிறுவனம் உங்களைப் பார்ப்பது மாதக் கணக்கில் அல்ல, நாள் கணக்கில். 1 முதல் 30 நாள், 31 முதல் 60 நாள், 61 முதல் 90 நாள் என்று நிலுவையைப் பிரித்து வைத்திருப்பார்கள். வசூல் ஊழியர்கள் இவற்றை பக்கெட் என்பார்கள். 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகிவிடும்.

இந்த 90 நாள் எல்லை மிக முக்கியமானது. அதற்கு முன்பு, எல்லா நிலுவையையும் கட்ட முடியாவிட்டாலும் ஒரு தவணையை மட்டும் கட்டினால்கூடக் கணக்கு அடுத்த பக்கெட்டுக்கு நகராமல் நிற்கும். கிளை மேலாளருக்கும் உங்கள் பேச்சில் நம்பிக்கை வரும். வாராக் கடன் ஆன பிறகு அது போதாது. நிலுவையாக உள்ள அசலும் வட்டியும் முழுமையாகக் கட்டப்பட்டால்தான் கணக்கைப் பழைய நிலைக்கு மாற்ற முடியும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே கையில் ஒரு தவணைக்கான பணம் இருந்தால், அதைக் கட்ட வேண்டிய நேரம் எண்பதாவது நாளுக்கு முன்புதான்.

கணக்கு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். தாமதத்துக்கான அபராதத்தை வட்டியாகக் கூட்டி, அந்த வட்டிக்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையின் மூலம் தடை செய்துவிட்டது. அபராதம் தனிக் கட்டணமாக மட்டுமே இருக்கலாம். அது அசலோடு சேரக் கூடாது. உங்கள் அறிக்கையில் அப்படிச் சேர்ந்திருந்தால், பேரத்தின்போது வைப்பதற்கு உங்களிடம் வலுவான புள்ளி ஒன்று இருக்கிறது.

மூன்றாம் படி: வாயால் பேசியதை எழுத்தில் கொண்டுவாருங்கள்

வசூல் ஊழியர் தொலைபேசியில் "பார்த்துக்கலாம் சார், அடுத்த மாசம் கட்டுங்க" என்று சொல்லியிருப்பார். அடுத்த மாதம் அவர் அந்தப் பகுதியில் இருக்க மாட்டார். அவர் சொன்னதற்குப் பதிவும் இருக்காது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் முகவரிக்கு மின்னஞ்சலும், கிளைக்குப் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கெஞ்சலும் கோபமும் இல்லாமல் இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, மேற்கண்ட கடன் கணக்கில் கடந்த மார்ச், ஏப்ரல் மாதத் தவணைகளை என்னால் செலுத்த இயலவில்லை. நான் பணியாற்றிய நிறுவனம் மூடப்பட்டதே காரணம். பணிநீக்கக் கடிதத்தை இணைத்துள்ளேன். புதிய பணியில் சேர்ந்து ஜூன் முதல் ஊதியம் பெறவுள்ளேன். இன்று ஒரு தவணையைச் செலுத்தியுள்ளேன். மீதி நிலுவையை ஜூன் முதல் மாதம் ரூ. 5,000 வீதம் வழக்கமான தவணையோடு சேர்த்துச் செலுத்த அனுமதிக்குமாறும், அல்லது கடன் காலத்தை நீட்டித்துத் தவணைத் தொகையைக் குறைத்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதன்மீது எழுத்துமூலமான பதில் கிடைக்கும்வரை வாகனத்தைக் கைப்பற்றும் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்."

நிறைவேற்ற முடியாத தொகையை இதில் எழுதாதீர்கள். ஒருமுறை மறுசீரமைப்பு கிடைத்து அதுவும் தவறினால் இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது மிகக் கடினம். பணத்தைக் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். வீட்டுக்கு வரும் முகவரிடம் ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால், நிறுவனத்தின் ரசீது கைக்கு வராமல் பணத்தை விடாதீர்கள்.

நான்காம் படி: வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவெடுங்கள்

இந்த முடிவைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தள்ளிப்போடுவதன் விலை தெரியும்.

6,00,000 ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 12,750 ரூபாய். 24 தவணைகளை ஒழுங்காகக் கட்டியவருக்கு அசல் பாக்கி ஏறத்தாழ 3,95,000 ரூபாய் இருக்கும். அதற்குப் பிறகு மூன்று தவணை நின்றால், அன்றைய தேதியில் கணக்கைச் சீராக்கத் தேவைப்படுவது 38,250 ரூபாயும் அபராதக் கட்டணங்களும்தான். வண்டியைக் கைப்பற்றி, கடன் முழுவதையும் உடனே கட்டு என்று நிறுவனம் கோரிவிட்டால் நிலைமை மாறிவிடும். 3,95,000 அசல், மூன்று மாத வட்டி 10,000, இவற்றோடு பறிமுதல் செலவு, எடுத்த வண்டியை நிறுத்திவைக்கும் யார்டின் வாடகை, நோட்டீஸ் செலவு என்று 15,000 சேர்ந்தால் மொத்தம் 4,20,000. சந்தையில் 4,00,000 பெறும் அந்த வண்டி ஏலத்தில் 3,20,000 ரூபாய்க்குப் போனால், வண்டியும் இல்லாமல் 1,00,000 ரூபாய்க் கடனும் மிஞ்சும். அதே வண்டியைப் பறிமுதலுக்கு முன்பே நீங்களே 4,00,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், கையிலிருந்து போட வேண்டியது ஏறத்தாழ 5,000 ரூபாயும் கடனை முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் அபராதமும்தான்.

அடுத்த ஆறு மாத வருமானத்தில் தவணையும் நிலுவையும் சேர்ந்து அடங்காது என்று தெரிந்தால், வண்டியை நீங்களே விற்றுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வண்டி போவது மனதுக்குக் கஷ்டம்தான். அது போன பிறகும் கடனைக் கட்டிக்கொண்டிருப்பது அதைவிடக் கஷ்டம்.

விற்பதற்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பு தேவை. கடனை முடிக்கும் தொகையைக் குறிப்பிட்டு, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதிய கடிதத்தை, அதாவது ஃபோர்குளோஷர் லெட்டரை வாங்குங்கள். பழைய கார் வாங்கும் டீலர்கள் அந்தத் தொகையை நேரடியாகக் கடன் கணக்கில் கட்டிவிட்டு, மீதி இருந்தால் உங்களிடம் தருவார்கள். பிறகு நிறுவனம் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் தரும். அவற்றை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள நிறுவனத்தின் பெயரை நீக்கி, படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள்.

வண்டியைத் தாமாகவே ஒப்படைப்பது மூன்றாவது வழி. சரண்டர் செய்தால் கடன் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், தீராது. பறிமுதல் செலவையும் அவமானத்தையும் மட்டும் தவிர்க்கலாம். ஒப்படைப்பதானால், பறிமுதல் கட்டணம் வசூலிக்க மாட்டோம், ஏலத்துக்கு முன் விலையை உங்களுக்குத் தெரிவிப்போம் என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று: கடன் உள்ள காரைத் தனியாரிடம் அடமானம் வைத்துப் பணம் வாங்குவது. தமிழ்நாட்டில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நிறுவனத்தின் அனுமதியின்றி வண்டியை அடகு வைத்தாலோ விற்றாலோ, அதுவரை சிவில் விவகாரமாக இருந்தது மோசடி, நம்பிக்கை மோசடி என்ற குற்றவியல் புகாராக மாறக்கூடும். அடமானம் பிடித்தவர் வண்டியை வேறொருவரிடம் கைமாற்றிவிட்டால் மீட்பதும் நடக்காத காரியம்.

ஐந்தாம் படி: அழைப்புகளையும் வருகைகளையும் எல்லைக்குள் நிறுத்துங்கள்

நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மிரட்டுவதும், உறவினர், அண்டை வீட்டார், அலுவலகத்தார் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் அதே உத்தரவில் தடை செய்யப்பட்டுள்ளன. மீறல் நடந்தால் தேதி, நேரம், எண், பேசியது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அழைப்புப் பதிவையும் சேமியுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் நிலைமையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். சட்டப்படி கடனில் அவருடைய பொறுப்பும் உங்களுடையதற்கு இணையானது, அவருக்கும் நோட்டீஸ் போகும்.

ஆறாம் படி: சாலையில் வண்டியை நிறுத்தினால்

வண்டி எண்களைக் கைப்பேசிச் செயலியில் வைத்துக்கொண்டு சுங்கச்சாவடிகளிலும் வணிக வளாக வாசல்களிலும் நிற்பவர்கள் உண்டு. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இரு சக்கர வாகனத்தில் இருவர் பக்கவாட்டில் வந்து கை காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக ஓட்டித் தப்பிக்க முயலாதீர்கள்; நெடுஞ்சாலையில் அது உயிருக்கு ஆபத்து. ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாகில் 2022 செப்டம்பரில் டிராக்டர் பறிமுதலின்போது கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து அந்த நிதி நிறுவனம் வெளி முகவர்களைக் கொண்டு வசூலிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்து, சில மாதங்களுக்குப் பிறகே நீக்கியது. ஆள் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்து, பெட்ரோல் பங்க் போன்ற இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியைச் சற்று மட்டும் இறக்கிப் பேசுங்கள். கைப்பேசியில் வீடியோ ஓடட்டும்.

மூன்று தாள்களைக் கேளுங்கள்: அடையாள அட்டை, உங்கள் கடன் தொடர்பாக அந்த முகவருக்கு நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதம், உங்களுக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸின் பிரதி. இவற்றை முகவர் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்கள் தரும் எண்ணுக்கு அழைக்காமல், உங்கள் கடன் ஆவணத்தில் அச்சிட்டுள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து, அந்த முகவர் நிறுவனம் உண்மையானதா என்று கேளுங்கள். முகவர் போல நடித்து வண்டியைக் கொண்டுபோகும் திருடர்களும் இருப்பதால், இந்த ஓர் அழைப்பைத் தவிர்க்கவே கூடாது.

தாள்கள் சரியாக இருந்தாலும், சாவியைக் கொடுக்க மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. "நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒப்படைக்க எனக்குச் சம்மதமில்லை" என்று தெளிவாக, ஒருமுறை சொல்லுங்கள், அது பதிவாகட்டும். அடியாட்களை வைத்து வண்டி எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2007, 2008, 2011 ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளில் அடுத்தடுத்துக் கண்டித்து, சட்டம் ஏற்கும் வழியிலேயே கைப்பற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பாட்னா உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில், இது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்கே எதிரானது என்று சொல்லி நிறுவனங்களுக்கு அபராதமும் விதித்தது. அவர்கள் சாவியைப் பறிக்கவோ, உங்களை இறக்கவோ முயன்றால் 112 எண்ணை அழையுங்கள். ஆனால் கைகலப்பில் இறங்காதீர்கள். ஒரு தள்ளுமுள்ளு போதும், புகார் உங்கள்மேலும் வந்துவிடும்.

வழக்கறிஞர் ஆணையர், அதாவது நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்ற உத்தரவோடு வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. நடுவர் மன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு பெற்று, வழக்கறிஞர் ஆணையர் மூலம் வண்டியை எடுப்பது தமிழ்நாட்டில் வழக்கமாக நடக்கிறது. உத்தரவின் எண், நீதிமன்றம், தேதி ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, வண்டியை ஒப்படைத்துவிடுங்கள். அதைத் தடுத்தால் நீதிமன்ற உத்தரவை மீறியவராவீர்கள்.

எந்த நிலையிலும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பல பறிமுதல்களில் "விருப்பத்தோடு ஒப்படைத்தேன்" என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் அந்த ஒரு தாள் உங்கள் வழக்கையே சாய்த்துவிடும். போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், கையெழுத்துக்கு மேல் "எனது சம்மதமின்றி எடுக்கப்பட்டது" என்று எழுதி, நேரத்தையும் குறிப்பிடுங்கள்.

ஏழாம் படி: வண்டி போன அன்றே செய்ய வேண்டியவை

வீட்டு வாசலில் நின்ற வண்டி காலையில் காணாமல் போயிருந்தால், முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். பறிமுதலுக்கு முன்பும் பின்பும் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது நிறுவனங்களின் நடைமுறை. தகவல் எதுவும் இல்லையென்றால் திருட்டுப் புகாராகக் கொடுங்கள்.

பறிமுதல்தான் என்று உறுதியானதும், எடுத்த தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர், வண்டி நிற்கும் யார்டு, இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். நேரத்தைக் குறிப்பாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அந்த வண்டி அதற்குப் பிறகு விபத்தில் சிக்கினாலோ, இ-சலான் வந்தாலோ, வண்டி உங்கள் கையில் இல்லை என்று காட்ட வேறு சான்று இருக்காது. ஃபாஸ்டேக் கணக்கையும் முடக்கிவையுங்கள்.

வண்டிக்குள் இருந்த பொருள்கள் கடனுக்கு ஈடானவை அல்ல. மடிக்கணினி, குழந்தையின் பள்ளிப் பை, மருந்து, அசல் ஆவணங்கள் எதுவானாலும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். யார்டில் தயாரிக்கும் இன்வென்டரிப் பட்டியலின் நகலை வாங்கி, முடிந்தால் நேரில் போய் மீட்டர் அளவு, நான்கு டயர், ஸ்டெப்னி, பேட்டரி, மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். மீட்கும் நாளில் பேட்டரி மாறியிருந்தால் கேட்க அந்தப் படம்தான் துணை.

எட்டாம் படி: ஏலத்துக்கு முன் கிடைக்கும் கடைசி வாய்ப்பு

விற்பனைக்கு முன் நிறுவனம் ஒரு நோட்டீஸ் அனுப்பும். அதில் தரப்படும் அவகாசம் பெரும்பாலும் சில நாள்கள்தான். பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய நோட்டீஸும் அனுப்பப்பட்டதாகவே வாதிடப்படும் என்பதால், வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தை முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

நிலுவையை மட்டும் கட்டினால் வண்டியைத் தருவார்களா, முழுக் கடனையும் கேட்பார்களா என்பது ஒப்பந்தத்தையும் பேச்சையும் பொறுத்தது. கிளையில் மறுத்தால் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். புரட்டிய பணத்தை வங்கிக் கணக்கில் வைத்து, அந்த அறிக்கையை இணைத்துக் கடிதம் எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். பறிமுதல் கட்டணத்துக்கும் யார்டு வாடகைக்கும் பில் கேளுங்கள். பில் கேட்டதுமே தொகை குறைவது உண்டு. வண்டியை மீட்க முடியாது என்ற நிலையிலும், அதே மாடல், அதே ஆண்டு வண்டிக்குச் சந்தையில் கிடைக்கும் விலையை இரண்டு டீலர்களிடம் எழுதி வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால் அவரையே அழைத்துப் போங்கள். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று பின்னால் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

நோட்டீஸே இல்லாமல் எடுத்திருந்தாலோ, வன்முறை நடந்திருந்தாலோ, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டு ஏலத்துக்கு இடைக்காலத் தடை கேட்கலாம். நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டும்படி நிபந்தனை போடுவது வழக்கம் என்பதால், கையில் ஓரளவு பணத்தோடு போவது நல்லது. சுயதொழிலாக ஒரே டாக்சியை ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். வணிக நோக்கம் என்று சொல்லி அவரை வெளியே நிறுத்த முடியாது. வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

கடன் வங்கியுடையதாக இருந்து, நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற அனுமதிக்கும் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் வந்திருந்தால் பாதை வேறு: அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், வண்டியைக் கைப்பற்றிய பிறகு 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் அத்தீர்ப்பாயங்கள் உள்ளன. நிதி நிறுவனங்கள் 20 லட்சத்துக்குக் குறைவான கடனுக்கு இச்சட்டத்தைப் பயன்படுத்த முடியாது.

ஒன்பதாம் படி: புகார்

நீதிமன்றம் போகாமலே செய்யக்கூடியது இது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அதன் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஒரே விவகாரத்தை நுகர்வோர் ஆணையத்திலும் குறைதீர்ப்பாளரிடமும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. எது வேண்டும் என்று முன்பே தீர்மானியுங்கள். வண்டியை அவசரமாக மீட்க வேண்டுமானால் ஆணையம். கட்டணங்களும் நடத்தையும்தான் பிரச்சினை என்றால் குறைதீர்ப்பாளர்.

பத்தாம் படி: ஏலத்துக்குப் பிறகு வரும் தாள்கள்

வண்டி விற்ற பிறகு விலை, தேதி, கழித்த செலவுகள், மீதி ஆகியவற்றைக் காட்டும் கணக்கைக் கேளுங்கள். கடனைவிட அதிக விலைக்குப் போயிருந்தால் மிகுதிப் பணம் உங்களுடையது. குறைவாகப் போயிருந்தால் பாக்கிக்கு நோட்டீஸ் வரும். நடுவர் மன்ற நோட்டீஸும் வரலாம். அதைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைப்பதுதான் இந்தக் கட்டத்தில் மிகப் பெரிய ஆபத்து. நீங்கள் ஆஜராகாமல் பிறப்பிக்கப்படும் நடுவர் தீர்ப்பும் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். வங்கிக் கணக்கும் சம்பளத்தின் ஒரு பகுதியும் முடக்கப்படலாம். நடுவரை நிறுவனம் மட்டுமே தனியாக நியமித்திருந்தால், அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். அத்தகைய நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்க்க மூன்று மாத அவகாசம் உண்டு. கடனுக்காக நீங்கள் கொடுத்த காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் தனியாக வந்தால், பணம் கட்ட 15 நாள்தான். வண்டி போய்விட்டது என்பதால் அந்த வழக்கு தானாக நின்றுவிடாது.

பாக்கித் தொகையைப் பேசிக் குறைக்க முடியும். மக்கள் நீதிமன்றத்தில் இது எளிதாக நடக்கிறது. ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, அதன் பிறகு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் ஆகியவை உள்ள கடிதம் வந்த பிறகே பணம் கட்டுங்கள். குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்றும், முழுதாகக் கட்டினால் "குளோஸ்டு" என்றும் பதிவாகும். செட்டில்டு என்ற பதிவு பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது இடைஞ்சலாக நிற்கும் என்பதால், சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம்தான் என்றால் முழுதாகக் கட்டிவிடுவதே மேல்.

கடன் முடிந்த சான்று வந்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கணக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால், அறிக்கையைத் தந்த சிபில் போன்ற நிறுவனத்திடம் திருத்தம் கோருங்கள். 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏலத்தில் வாங்கியவர் பெயருக்கு ஆர்.சி. மாறிவிட்டதா என்பதையும் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். மாறவில்லை என்றால், பறிமுதல் தேதியைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.